கொலைச் செய்தியும் துப்பாக்கியின் பெயரும்

பத்திரிகை இக்கால உலகிற்குக் கண்ணும் செவியும் ஆகும் என்பர். கண் எதனைக் கூர்ந்து நோக்குகின்றதோ அதனையே மனமும் பற்றுமாதலின், ஒரு செய்தியில் எது பெரிதாகவும் எது சிறிதாகவும் அச்சேறுகின்றது என்பது அற்பமான பொருளன்று. இவ்வுண்மையை யாம் நூல்களிற் கற்றதினும் எம் விடுதியின் வாசகசாலையிற் கற்றதே மிகுதி. அவ்வரலாற்றை முதற்கண் கூறிப் பின்னர் மேற்செல்லுதும்.

சென்ற ஆண்டு விடுதியின் சுவர்ப் பத்திரிகையை நடத்தும் பொறுப்பு எம்பால் இருந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கல்விக்கூடங்களில் நிகழ்ந்த துப்பாக்கிக் கொலைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதினோம். கொலைஞன் ஒருவனது உருவப்படத்தைப் பெரிதாக நடுவில் ஒட்டினோம். அதன்கீழ் அவன் ஏந்திய துப்பாக்கியின் படத்தை வண்ணத்தில் அமைத்தோம். இறந்தோர் இத்துணையர் என்னும் எண் ஒன்று மட்டும் மூலையிலே நின்றது. பக்கம் அழகாக அமைந்ததென்று யாமே மகிழ்ந்திருந்தோம். மறுநாட் காலையில், வாசகசாலையைத் திறந்து பெருக்கிப் பூட்டும் முதியவர் அதன்முன் நின்று சிறிதுநேரம் நோக்கிவிட்டு, "தம்பி, இந்தப் பையன் எதிலே பரிசு வாங்கினான்?" என்று வினவினார். அச்சுவரில் வழக்கமாக ஒட்டப்படுவன, பரீட்சையில் முதன்மை எய்தியோர், ஓட்டப்பந்தயத்தில் வென்றோர் ஆகியவர்களின் படங்களே. அவர் கேட்டதில் பிழை யாதுமில்லை. யாம் விடையிறுக்க நாணி நின்றோம்.

அன்றிரவு எம் அறையில் எண்மர் கூடியிருந்தோம். அத்துப்பாக்கியின் பெயர் யாது என்று கேட்டபோது மூவர் ஒருங்கே "ஏ.ஆர்.-15" என்றனர். அதன் உடன்பிறப்பாகிய எம்-16 கைப்பேசி விளையாட்டில் அவர்தம் விரல்களில் நாடோறும் தவழ்வதன்றோ! கொலைஞர் பெயர்கள் இரண்டு மூன்று வந்தன. இறந்தவருள் ஒருவர் பெயரையேனும் கூறுமின் என்றபோது ஒருவரும் வாய் திறந்திலர். அவ்விறந்தோருள் ஒருவர் தமிழ்நாட்டிற் பிறந்தவர் என்பதனை யாம் பின்னரே அறிந்தோம். அவரைக் குறித்துத் தக்க இடத்திற் கூறுவாம். எட்டுப்பேர் மனத்தில் ஒரு படைக்கலத்தின் பெயர் பதிந்து, அதனால் மாண்டவர் பெயர் ஒன்றேனும் பதியாமற் போனது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருளாம்.

நிற்க, அப்படைக்கலத்தின் பிறப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1954-ஆம் ஆண்டில் பேர்ச்சைல்டு என்னும் விமானக் கம்பெனி, ஆர்மலைட் என்னும் கிளையொன்றைக் கலிபோர்னியாவில் தொடங்கிற்று. அதன் தலைமைப் பொறியாளர் யூஜின் ஸ்டோனர் என்பார். விமானம் செய்வோர் எடை குறைத்தலிற் கைதேர்ந்தவராதலின், மரத்தையும் கனத்த எஃகையும் கூடியமட்டும் விலக்கி, அலுமினியத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஒரு துப்பாக்கியை ஆக்கினர். போர்வீரன் சுமக்கும் பாரம் குறையவேண்டும், அதனால் அவன் மிகுதியான தோட்டாக்களைச் சுமக்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். 1959-இல் அதன் உரிமை கோல்ட் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அரசாங்கப் படைகள் அதனை எம்-16 என்னும் பெயரால் ஏற்று வியட்நாம் போரில் வழங்கின. 1964 முதல் கோல்ட் கம்பெனியார் அதனையே பொதுமக்களுக்கென மாற்றி விற்கலாயினர். மாற்றம் யாதெனின், படைவீரன் கையிலுள்ளது விசையை அழுத்திப் பிடித்தவழித் தொடர்ந்து சுடவல்லது. விற்பனைக்கு வந்ததோ விசையை ஒருமுறை இழுக்க ஒரு குண்டே உமிழும். எனினும், அடுத்த தோட்டா தானே குழலுள் ஏறி நிற்குமாதலின், விரல் ஓயுங்காறும் சுடலாம். குண்டு சிறியது, அதன் குறுக்களவு கால் அங்குலத்தினும் குறைவு. வேகமோ நொடிக்கு மூவாயிரம் அடிக்கு மேற்பட்டது. 2018-இல் புளோரிடா மாகாணத்துப் பார்க்லண்டுப் பள்ளியிற் காயமுற்றோரின் ஊடுகதிர்ப் படங்களைக் கண்ட மருத்துவர் ஒருவர், கைத்துப்பாக்கிக் குண்டு உறுப்பில் ஒரு கோடுபோல் வழி செய்து போகும் என்றும், இவ்வகைக் குண்டு அவ்வுறுப்பையே சிதைத்துவிடும் என்றும் பத்திரிகையில் எழுதினார். அவர் எழுதியிராவிடின் இவ்வேறுபாட்டைப் பொதுமக்களிற் பலர் அறிந்திரார்.

இனி, பெயரைப் பற்றிச் சிறிது கூறுவாம். தமிழ் பயில்வோராகிய எமக்கு இதில் ஆர்வம் மிகுதி, வாசகர் பொறுத்தருள்க. 'ஏ.ஆர்.' என்னும் ஈரெழுத்தும் 'ஆர்மலைட் ரைபிள்' என்பதன் சுருக்கமே. ஆக்கினோர் பெயரால் வந்தமையின் இஃது ஒரு காரணப்பெயர். ஆயின், ஐக்கிய நாட்டில் இதனை வெறுப்போருட் பலர் அவ்வெழுத்துக்கள் 'தாக்குதல் துப்பாக்கி' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கம் என்றே நம்பிவந்தனர். செய்தித் தாள்களிலும் அப்பிழை புகுந்ததுண்டு. இதனைத் திருத்துவதையே துப்பாக்கிப் பற்றாளர் ஒரு வெற்றியாகக் கொண்டு, எழுத்து இரண்டன் பொருளறியாதார் சட்டம் பேச வந்தனரோ என்று எள்ளி, வழக்கின் கருவை விட்டு ஓரத்திலேயே நின்று வாதாடுவர். மற்றொரு விந்தை: ஏ.ஆர்.-15 என்பது வணிகக் குறியளவிற் கோல்ட் கம்பெனிக்கே உரியது. மூல உரிமைப் பட்டயத்தின் காலம் 1977-இல் முடியவே, பிறரும் அவ்வமைப்பில் ஆக்கத் தொடங்கினர். சிறப்புப்பெயர் பொதுப்பெயராயிற்று. 2009-இல் துப்பாக்கி வணிகர் சங்கம் இதற்கு 'நவீன விளையாட்டு ரைபிள்' என்று மற்றொரு பெயர் சூட்டிற்று. ஒருசாரார் 'தாக்குதற் படைக்கலம்' என்க, மறுசாரார் 'விளையாட்டு ரைபிள்' என்க, ஒரே இரும்பு இரு பெயரால் நடமாடுகின்றது. பெயரிடும்போதே வழக்குத் தீர்ப்பாகிவிடும் என்பதனை இருசாராரும் நன்கறிவர்.

இத்துப்பாக்கி தோன்றிய காலந்தொட்டே மக்கள் இதனை விரும்பி வாங்கினர் என்று கருதுதல் பிழை. மானும் வாத்தும் வேட்டையாடுவோர் மரக்கட்டை பொருந்திய பழைய துப்பாக்கியையே அழகென்று கருதினர். கரிய பிளாஸ்டிக் உருவத்தை இகழ்ந்தனர். 1990-இல் அந்நாட்டில் ஆக்கப்பட்ட துப்பாக்கிகளில் இவ்வகை நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றே. 2020-இலோ ஏறக்குறைய நான்கில் ஒன்றாயிற்று. இடையே நிகழ்ந்தது யாது?

1994-ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டுச் சட்டசபை பத்தாண்டுக்கு ஒரு தடை விதித்தது. தடை, துப்பாக்கியின் சுடுந்திறத்தைக் கருதாது அதன் உறுப்புக்களையே பெரிதும் கருதிற்று. துப்பாக்கி ஈட்டி பொருத்தும் கொளுவி, சுடர் மறைக்கும் முனை என்றிவை போல்வன. ஆக்குவோர் அவ்வுறுப்புக்களை அகற்றிவிட்டு எஞ்சியதை முன்போலவே விற்றனர். தடைக்கு முன் ஆக்கப்பட்டவை உடையோரிடமே இருந்தன. 2004-இல் தடையின் காலம் முடிந்தது, புதுப்பிப்பார் இலர். தடுக்கப்பட்டதொன்று மீளக் கடைக்கு வந்ததென்னும் எண்ணமே பலரை ஈர்த்தது. ஈராக்கு, ஆப்கானிஸ்தான் போர்க்களக் காட்சிகள் தொலைக்காட்சியில் நாடோறும் வந்துகொண்டிருந்த காலம் அது. விளம்பரங்கள் ஆண்மை யென்னும் சொல்லைச் சுற்றிச் சுழன்றன. ஒரு கம்பெனி இத்துப்பாக்கியை வாங்கினால் ஆண்மகன் என்னும் சீட்டு மீளக் கிடைக்கும் என்ற கருத்துப்பட விளம்பரம் செய்தது. அக்கம்பெனியின் துப்பாக்கியே பின்னர் ஒரு பள்ளியிற் புகுந்தது.

அது 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி. கனெக்டிகட் மாகாணத்து நியூடவுன் ஊரிலுள்ள சாண்டி ஹுக் தொடக்கப்பள்ளி. ஆறும் ஏழும் வயதுள்ள குழந்தைகள் இருபதின்மரும், பெரியோர் அறுவரும் மாண்டனர். அன்று பத்திரிகையுலகம் நடந்துகொண்ட முறையை உலகம் எளிதில் மறவாது. கொலைஞன் இன்னான் என்று முதலில் வெளியிடப்பட்ட பெயர் அவனுடைய தமையனுடையது! குற்றமற்ற அவ்விளைஞரின் படம் சிலமணி நேரத்தில் உலகெங்கும் பரந்தது. முந்திச் சொல்வதிற் பெருமை காண்போர்க்குச் சரிபார்க்கப் பொழுதேது?

நிகழ்ச்சிக்குப்பின் தடைச் சட்டம் மீண்டும் வரும் என்ற பேச்சு எழுந்தது. அப்பேச்சு எழுந்த மாத்திரத்தே துப்பாக்கிக் கடைகளில் மக்கள் வரிசையாக நின்றனர். துப்பாக்கி வாங்குவோரின் பூர்வநடத்தையை மத்திய அரசின் துப்பறியும் நிலையத்தார் ஆராயும் முறையொன்று அங்குண்டு. அம்மாதத்தில் மட்டும் அவ்வாராய்ச்சி 27 லட்சத்துக்கு மேல் நிகழ்ந்தது. அதுவரை எந்த மாதத்திலும் அத்துணை நிகழ்ந்ததில்லை. ஆராய்ச்சி ஒவ்வொன்றும் ஒரு விற்பனை என்று கொள்ளலாகாது. எனினும் வேகம் விளங்கும். கடைவாயில் வரிசையைத் தொலைக்காட்சி படம்பிடித்துக் காட்டியது. 'இன்னே வாங்காவிடிற் கிடையாது' என்னும் அச்சம் காண்போரையும் பற்றிற்று, வரிசை நீண்டது, நீண்ட வரிசை மறுநாட் செய்தியாயிற்று. வணிகன் காசு கொடுத்துச் செய்யவேண்டிய விளம்பரத்தைச் செய்தியாளர் இலவசமாகச் செய்துவந்தனர். அதனை அவர் விரும்பிச் செய்தாரல்லர். அத்துப்பாக்கியைக் கண்டித்து எழுதிய தலையங்கங்களே அதன் பெயரை மிகுதியாகப் பரப்பின என்பது எம் கருத்து.

இதன் விளைவை வெல்லெஸ்லி கல்லூரிப் பொருளியலாளர் இருவர் ஆராய்ந்து 2017-இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளியிட்டனர். சாண்டி ஹுக் நிகழ்ச்சிக்குப்பின் வழக்கத்தினும் ஏறக்குறைய முப்பது லட்சம் துப்பாக்கிகள் மிகுதியாக விற்றன என்றும், அவற்றாலும் அக்காலத்து வெளியே எடுத்துத் துடைக்கப்பட்ட துப்பாக்கிகளாலும் தற்செயலாகக் குண்டு பாய்ந்து ஏறத்தாழ அறுபதின்மர் மிகுதியாக இறந்தனர் என்றும், அவருள் ஏறத்தாழ இருபதின்மர் குழந்தைகள் என்றும் அவர்கள் கணித்தனர். பள்ளியில் இறந்த குழந்தைகளும் இருபதின்மர். இக்குழந்தைகளின் சாவோ வீட்டுக்கு வீடு தனித்தனியே நிகழ்ந்தமையால் உள்ளூர்ச் செய்தியளவில் நின்றது.

இங்ஙனம் பெருகிய துப்பாக்கிகள் 2022-இல் இரண்டு கோடியே நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டன என்று வணிகர் சங்கமே மதிப்பிட்டது. அந்நாட்டு முதியோரில் இருபதின்மருக்கு ஒருவர் இவ்வகைத் துப்பாக்கி உடையவர் என்று 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை எடுத்த கணக்கிற் கண்டது. நடுநிலை பிறழாது ஒன்று கூறல் வேண்டும். இதனை வைத்திருப்போரில் மிகப்பெரும்பாலோர் எவரையும் துன்புறுத்தாதவர். குறி பார்த்துச் சுட்டு மகிழ்வோரும், வீட்டுக் காவலுக்கென்று வைத்திருப்போருமே அவர். அவரனைவரையும் கொலைஞரின் உறவினர் போல எழுதும் எழுத்து, அவரைத் துப்பாக்கியோடு இன்னும் இறுகப் பிணிக்குமே யன்றி வேறொரு நன்மையும் பயவாது.

நடுநிலை என்றதும் எண்களையும் நினைத்தல் தகும். 2021-இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டோர், பாதிக்கு மேலாயிற்று. பலரை ஒருங்கே சுடும் நிகழ்ச்சிகளில் இறந்தோரோ, நால்வரும் அதற்கு மேற்பட்டோரும் குண்டுபட்ட எல்லா நிகழ்ச்சியையும் கணக்கிற் சேர்ப்பவர் கூற்றுப்படி 706 பேர். பொதுவிடத்திற் கண்டோரைச் சுட முயன்ற நிகழ்ச்சியை மட்டும் எண்ணும் துப்பறியும் நிலையத்தார் கூற்றுப்படி 103 பேர். இரண்டு எண்ணும் பொய்யல்ல, வரையறை வேறு. ஆயின் தலைப்பெழுதுவோர் வரையறையைக் கூறாது எண்ணை மட்டும் கூறுவர். கொலைக்கருவிகளை நோக்கினும் இங்ஙனமே. விவரம் கிடைத்த துப்பாக்கிக் கொலைகளில் எல்லாவகை ரைபிளும் சேர்ந்து 2020-இல் நூற்றுக்கு மூன்றே, கைத்துப்பாக்கி ஐம்பத்தொன்பது. பலரை ஒருங்கே கொன்ற நிகழ்ச்சிகளிலும் கைத்துப்பாக்கியே மிகுதி. இவ்வளவும் மெய்யே. ஆயினும், லாஸ் வேகாஸ், சாண்டி ஹுக், உவால்டி என்று, மாண்டோர் தொகை மிக்க நிகழ்ச்சிகளை எண்ணப் புகின், ஏ.ஆர். வகையே மீண்டும் மீண்டும் வருகின்றது. லாஸ் வேகாஸில் 2017 அக்டோபர் 1-ந் தேதி ஒருவன் விடுதி மாடியிலிருந்து இசைவிழாக் கூட்டத்தைச் சுட்டதில் இறந்தோர் பின்னர் இறந்தவரோடு அறுபதின்மர். ஒரு சாரார் முதற்கணக்கையே கூறி இத்துப்பாக்கி தீதற்றது என்பர். மறுசாரார் இரண்டாவதையே கூறிக் கைத்துப்பாக்கியை மறப்பர். தற்கொலை செய்துகொண்ட இருபத்தாறாயிரவரை இருசாராருமே மறந்துவிடுகின்றனர்.

இப்பிளவினை விளக்கச் சதர்லண்டு ஸ்பிரிங்ஸ் நிகழ்ச்சி ஒன்றே சாலும். டெக்ஸாஸ் மாகாணத்துச் சிற்றூர் அது. 2017 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை வேளையில் ஒருவன் ஏ.ஆர். வகைத் துப்பாக்கியோடு பாப்திஸ்து ஆலயத்துட் புகுந்து சுட்டான். தாய் வயிற்றிலிருந்த சிசுவையும் சேர்த்து இருபத்தறுவர் மாண்டனர். ஓசை கேட்ட அண்டை வீட்டார் ஒருவர், காலிற் செருப்புமின்றி ஓடிவந்து, தம்முடைய ஏ.ஆர்.-15 கொண்டு அவனைச் சுட்டார். அவன் காயமுற்று ஓடினான். பத்திரிகைகளில் ஒருபாதி முதற்பகுதியை விரித்தெழுதிற்று. மறுபாதி அண்டை வீட்டாரை வீரராக்கிற்று. இரண்டும் நிகழ்ந்தவையே. மூன்றாவது ஒன்றும் உண்டு: கொலைஞன் முன்னர் விமானப்படையில் இருந்து மனைவியையும் குழந்தையையும் அடித்ததற்குத் தண்டனை பெற்றவன். அத்தண்டனையை விமானப்படையார் துப்பறியும் நிலையத்துக்கு அறிவித்திருந்தால் அவன் கடையிலே துப்பாக்கி வாங்கியிருக்க இயலாது. ஓர் அலுவலகத்தின் எழுத்துக் குறிப்பொன்று போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. 2021-இல் நீதிபதி ஒருவர் அத்தீங்கிற்கு அரசாங்கத்தார் நூற்றுக்கு அறுபது பங்கு பொறுப்பாவர் என்று தீர்ப்பளித்தார். வீரமும் கொடுமையும் இல்லாத இவ்வலுவலகக் கதைக்கு நாளிதழிற் கிடைத்த இடம் மிகச் சிறிது. திருத்தற்கு எளிதாயிருந்ததும் அஃதொன்றே.

இனி, கொலைஞர் பெயரைப் பற்றிய வழக்கிற்கு வருவாம். 2007 ஏப்பிரல் 16-ந் தேதி வர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் முப்பத்திருவரைக் கொன்றான். (அவன் கையிலிருந்தவை இரண்டு கைத்துப்பாக்கிகளே, ஏ.ஆர். அன்று.) இருவரை முதலிற் கொன்றுவிட்டு, மற்றையோரைக் கொல்லுமுன், அஞ்சல் நிலையத்துக்குப் போய், தன் படங்களும் பேச்சும் அடங்கிய பொதியொன்றை என்.பி.சி. தொலைக்காட்சிக்கு அனுப்பினான். யாரைக் கொல்வது என்பதனோடு, யார் தன்னைக் காட்டுவார் என்பதனையும் அவன் எண்ணி வைத்திருந்தான். 18-ந் தேதி அவை ஒளிபரப்பாயின. இருகையிலும் துப்பாக்கி நீட்டிய அப்படம் மறுநாள் பல பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் நின்றது. மக்களை இழந்த குடும்பத்தார் சிலர் வெகுண்டு அந்நிலையத்துக்குப் பேட்டியளிக்க மறுத்தனர். பின்னர் நிலையத்தார் அதனைக் காட்டுவதைக் குறைத்தனர். அவன் 1999-இல் கொலம்பைன் பள்ளியிற் கொன்ற இருவரைப் புகழ்ந்து பேசியிருந்தான். சாண்டி ஹுக் கொலைஞனும் அவ்விருவரைப் பற்றிய குறிப்புக்களைத் தொகுத்து வைத்திருந்தான்.

செய்தி ஒன்று மற்றொரு கொலைக்கு வித்தாகுமோ என்பதனை அறிஞர் ஆராய்ந்ததுண்டு. 2015-இல் அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, ஒரு பெருங்கொலைக்குப்பின் ஏறத்தாழப் பதின்மூன்று நாள்வரை மற்றொன்று நிகழும் வாய்ப்பு மிகுகின்றது என்றது. பின்வந்தோர் சிலர் இதனை ஏற்றிலர். எனினும் ஒத்த பொருளொன்றில் உறுதியான சான்றுண்டு. வியன்னா நகரத்துச் சுரங்க ரயிலின்முன் பாய்ந்து மாய்வோர் தொகை 1980-களின் நடுவிற் பெருகிற்று. நாளிதழ்கள் அவற்றைப் படத்தோடு விரித்தெழுதின. 1987-இல் மருத்துவர்கள் வேண்டிக்கொள்ள, பத்திரிகைகள் அச்செய்திகளைச் சுருக்கியும் விடுத்தும் வெளியிட்டன. அவ்வாண்டிலேயே அத்தகைய சாவுகள் வெகுவாகக் குறைந்தன. 2012-இல் கொலராடோ மாகாணத்து அரோரா நகரச் சினிமாக் கொட்டகையில் மகனை இழந்த பெற்றோர் இருவர், கொலைஞன் பெயரையும் படத்தையும் மீண்டும் மீண்டும் வெளியிடாதிருக்குமாறு செய்தியாளரை வேண்டும் இயக்கமொன்றைத் தொடங்கினர்.

இது புதிய எண்ணமன்று. எபேசு நகரத்துத் தியானாள் கோயிலை நம் வேதபுத்தகம் பயின்றோர் அறிவர். அப்போஸ்தலர் காலத்து நின்ற அக்கோயில் மீள எடுப்பிக்கப்பட்டது. அதற்கு முந்தியதைக் கி.மு. 356-இல் ஒருவன் தீக்கொளுவினான். காரணம் கேட்டபோது, தன் பெயர் உலகில் நிலைக்கவேண்டும் என்றானாம். நகரத்தார் அவன் பெயரை ஒருவரும் உச்சரிக்கலாகாதென்று விதித்தனர். யாமும் அதனை ஈண்டு எழுதுகின்றிலேம். ஆயினும் ஒரு வரலாற்றாசிரியர் எழுதிவிட்டார். இன்று எக்கலைக்களஞ்சியத்திலும் அது கிடைக்கும். ஆதலின் பெயரை முற்றும் அழித்தல் மாந்தர்க்கு இயலாதது என்பதனை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

தமிழிற் 'புகழ்' என்பது நன்மையாற் பெறுவது. தீமையாற் பெறுவது 'பழி' அல்லது 'வசை'. இரண்டையும் நம் முன்னோர் ஒரு சொல்லில் அடக்கினாரல்லர். ஆயின் மக்கள் வழக்கில் மூன்றாவது ஒன்றுண்டு: 'பெயர் அடிபடுதல்'. இதில் நன்று தீது என்னும் பகுப்பில்லை; பலர் வாயிற் படுதல் ஒன்றே உண்டு. இக்காலச் செய்திச் சாதனங்கள் பழித்தற்கென்று எழுதினும், பயப்பது இம்மூன்றாவதே. பழியை அஞ்சும் இயல்பினனைப் பழி தடுக்கும். பெயர் அடிபடுதலையே வேண்டி நிற்பவனுக்கு அது கூலியாகும். துப்பாக்கிக்கோ பழியேது, புகழேது? அடிபடும் பெயரால் அது விலைபோகும்.

2019 மார்ச்சு 15-ந் தேதி நியூசிலாந்துக் கிறைஸ்ட்சர்ச்சு நகரத்து இரு பள்ளிவாசல்களில் ஐம்பத்தொருவரைக் கொன்றவன், பத்திரிகையாரை எதிர்பாராது தானே கொலையைப் பேஸ்புக்கில் நேரடியாக ஒளிபரப்பினான். முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் அக்காட்சியின் பதினைந்து லட்சம் படிகளை நீக்கினதாக அக்கம்பெனி கூறிற்று. அக்காலத்துப் பிரதம மந்திரி ஜெசிந்தா ஆர்டன் அம்மையார், அவன் பெயரைத் தாம் ஒருபோதும் சொல்லப்போவதில்லை என்று சட்டசபையில் அறிவித்தார். அதனோடு அமையாது, ஒரு திங்களுக்குள், ஏப்பிரல் 10-ந் தேதி, இவ்வகைத் துப்பாக்கிகளைத் தடுக்கும் சட்டம் 119-க்கு 1 என்னும் வாக்கால் நிறைவேறிற்று. 1996-இல் ஆஸ்திரேலியாவிலும், போர்ட் ஆர்தரில் முப்பத்தைவர் கொலையுண்ட பன்னிரண்டாம் நாளிலேயே மத்திய அரசும் மாகாண அரசுகளும் உடன்பட்டு, பின்னர் ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தன. அங்கெல்லாம் கொலைச்செய்தி கடைவரிசைக்கு இட்டுச் செல்லாது சட்டத்துக்கு இட்டுச் சென்றது. அமெரிக்காவில் துப்பாக்கி வைத்தல் அரசியலமைப்பு அளித்த உரிமையாதலின் நிலைமை வேறு என்பர், உண்மையே.

அங்ஙனமாயின் பத்திரிகை வாய்மூடி யிருத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. 2022 மே 24-ந் தேதி டெக்ஸாஸ் மாகாணத்து உவால்டிப் பள்ளியிற் பத்தொன்பது குழந்தைகளும் ஆசிரியைமார் இருவரும் கொல்லப்பட்டனர். போலீசார் விரைந்து செயற்பட்டனர் என்று அதிகாரிகள் முதலிற் புகழ்ந்துரைத்தனர். உண்மையிலோ, நானூற்றுவரை நெருங்கிய காவலர் வந்து கூடியும், எழுபத்தேழு நிமிடம் கழித்தே அறையுட் புகுந்தனர். பெற்றோரும் செய்தியாளரும் விடாது கேட்டமையாலன்றோ இது வெளிப்பட்டது! ஜூலை 12-ந் தேதி ஆஸ்டின் நகரத்து நாளிதழொன்று அப்பள்ளித் தாழ்வாரத்தின் படக்காட்சியை வெளியிட்டது. குழந்தைகளின் கூக்குரலை மட்டும் அதிலிருந்து நீக்கிவிட்டது. தமக்கு முன்னர்க் காட்டாது உலகுக்குக் காட்டினரே என்று பெற்றோர் புண்பட்டனர்; அவர் பக்கமும் நியாயம் உண்டு. எனினும் எதனை நீக்கலாம், எதனை நீக்கலாகாது என்று ஒருவர் இருந்து எண்ணிய அடையாளம் அக்காட்சியில் இருக்கின்றது. கொலைஞனைப் பெரிதாக்குவதும் செய்தியை மறைப்பதும் தவிர வேறு வழியில்லை என்பார்க்கு அஃதொரு மறுமொழி.

முன்னர்க் குறித்த தமிழரைப் பற்றி இனிக் கூறுவாம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த சிற்றூரிற் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யிற் கற்று, அமெரிக்கா சென்று, வர்ஜினியா டெக்கில் இருபத்தைந்தாண்டளவு நீரியல் கற்பித்தவர் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். நாரிஸ் மண்டபத்தில் மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த வகுப்பறையிலேயே அவர் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. அதே மண்டபத்தில் லிவியூ லிப்ரெஸ்கு என்னும் எழுபத்தாறு வயதுப் பேராசிரியர், ஹிட்லர் காலத்துக் கொடுமைக்குத் தப்பிப் பிழைத்தவர், கதவைத் தம் உடலால் அடைத்து நின்று, மாணவரைச் சன்னல் வழியே தப்புவித்து மாண்டார். இவ்விருவர் பெயரையும் தேடி எடுக்க எமக்கு அரைமணி நேரமும் ஆகவில்லை. முன்னர்த் தேடவேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவே.

சுவரிலிருந்த பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி ஒட்டினோம். மறுநாள் அம்முதியவர் துடைப்பத்தைச் சுவரிற் சாத்திவிட்டு, எழுத்துக் கூட்டி லோகநாதன் என்று வாசித்து, "இவர் எதிலே பரிசு வாங்கினார், தம்பி?" என்று அதே வினாவை வினவினார்.

"நன்றாகப் பாடம் சொல்லிக் கொடுத்ததற்கு வாங்கினார், ஐயா" என்றோம்.

"எந்த ஊர்க்காரர்?"

"கோபிப் பக்கம்."

அவர் சற்றுநேரம் அங்கேயே நின்றார்.